கொக்கியின் சகலை

மாமனார் வீட்டுக்குள் நுழைந்ததும் சகலை காதோரம் கை வைத்துப் பார்ப்பார். அங்கே ஒரு துண்டுச் சாக்பீஸ் செருகியிருக்கும். அதை எடுத்து, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்து, இடம் அகப்படாமல் திரும்பவும் காதிலேயே செருகிக்கொள்வார். இதைப் பார்த்ததும் மாமியாருக்கு மனசு உருகிவிடும். "பாவம், கிளாஸ் முடிச்சு நேரா வர்றாரு போல. உக்காருங்க மாப்பிள்ள" என்று மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவார்.

பின்னாலேயே மூத்த மாப்பிள்ளை வந்து நிற்பார். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகாமல் வந்து நிற்பார். அவரிடம் அதே மாமியார் சொல்வது வேறு. "வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அந்தப் பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போடணும்."

தூக்குவதற்கு மூத்த மாப்பிள்ளை, யோசனை கேட்பதற்குச் சின்ன மாப்பிள்ளை. சகலை அந்த வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து இதுதான் சட்டம். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறியதும் இல்லை. மாமனாருக்கு எந்த டாக்டரிடம் போவது, மாடி அறையை வாடகைக்கு விடலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் சகலையின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடுவதில்லை. "பொறுங்க, யோசிப்போம்" என்பார். அதற்கே வீடு முழுக்கத் தலையாட்டும். மூத்தவர் வாயைத் திறந்தால், "நீங்க அந்தப் பக்கத்தைப் புடிங்க" என்பார்கள்.

மூத்தவருக்குக் கொக்கி என்று பெயர். பட்டறையில் வைத்த பெயர்தான், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற பட்டறை அது. கூரைக்கடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு இரும்புப் பாலம் ஓடும். அதிலிருந்து கிரேனின் கொக்கி தொங்கும். செய்து முடித்த தொட்டியில் சங்கிலியைப் பூட்டி, கொக்கியில் மாட்டி, ஒரு கீறல் விழாமல் லாரியில் இறக்குவது இவருடைய வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்தவர். சங்கிலியைக் கையால் தடவிப் பார்த்தே எது தாங்கும், எது தாங்காது என்று சொல்லிவிடுவார் என்று பட்டறையில் பேச்சு. அந்தப் பேச்சு பட்டறை வாசலோடு நின்றுவிட்டது. மாமனார் வீடு வரைக்கும் அது வந்ததே இல்லை.

சகலை கொழுந்தியாளின் புருஷன், டியூஷன் வாத்தியார். கணக்கு மட்டும்தான் எடுப்பார். வீட்டை ஒட்டிய கார் ஷெட்தான் அவருடைய பள்ளிக்கூடம். வைத்துக்கொள்ளக் கார் கிடையாது. ஷட்டர் பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதனால் யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். "கணக்குக்குக் கும்பிடு போட்டுட்டு வாங்கடா" என்று பிள்ளைகள் கேலி பேசிக்கொண்டே நுழைவார்கள். சகலை அந்தக் கேலியை ரசிப்பார். ஷட்டர்க்காரனைக் கூப்பிட்டுச் சரிசெய்யலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே ஒரு பழைய கதவுதான் கரும்பலகை. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. வட்டம் போடும்போது அந்த ஓட்டையையே மையமாக வைத்துக்கொள்வார். சட்டைப் பையில் எந்நேரமும் கோணமானி இருக்கும். அதன் முனை குத்திக் குத்தி அவருடைய எல்லாச் சட்டைப் பையும் ஒரே மூலையில் கிழிந்திருக்கும். ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் ஷெட்டின் கடைசி வரைக்கும் பின்னாலேயே நடந்து போய், சுவரில் சாய்ந்து, பெயிண்டர் தான் அடித்த சுவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். மேசையில் டீ ஆறிப்போய் ஏடு கட்டி, அதன்மேல் சாக்பீஸ் தூள் படிந்திருக்கும். அப்படியே எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ நல்லாருக்கே" என்பார்.

கோபம் என்பதே கிடையாது. எத்தனை தடவை கேட்டாலும் அதே குரல்தான். "அவசரமில்ல. முக்கோணம் எங்கயும் ஓடிடாது." கொக்கியின் மகள் பத்தாவது படிக்கும்போது அவரிடம் டியூஷன் போய், இந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அவள் பேச்சில் பாதி, "சித்தப்பா சொன்னாரு" என்றுதான் ஆரம்பிக்கும். மழை வரும் என்று சித்தப்பா சொன்னார். பல்லை இப்படித் தேய்க்கவேண்டும் என்று சித்தப்பா சொன்னார். "பல்லு தேய்க்கக் கத்துக் குடுத்தது யாருடி, உங்க சித்தப்பனா?" என்று கொக்கி ஒரு நாள் கத்தியே விட்டார். மகள் சிரித்தாள். "சித்தப்பா கத்தவே மாட்டாருப்பா."

இத்தனைக்கும் சகலைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. பல்பு மாற்றவேண்டும் என்றால் கொக்கிக்குத்தான் போன் வரும். ஸ்டூலில் ஏறச் சொன்னால் "எனக்குக் கழுத்து வலி" என்பார். கொக்கி போய் ஏறி மாற்றுவார், சகலை கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் கொழுந்தியா, "மாமான்னா மாமாதான்" என்பாள். கொக்கிக்கு அது காதில் விழாது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த வெள்ளைக் கைகள்தான் கண்ணில் படும். ஒரு காய்ப்பு கிடையாது, தழும்பு கிடையாது. இந்தக் கைக்குத்தானா நாற்காலி என்று வயிறு எரியும்.

இப்படியே காலம் போயிருக்கும். பட்டறையில் புதிதாக ஒரு உத்தரவு வந்து கெடுத்தது. பாரம் தூக்குகிற வேலைக்கு மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும், அவர் எழுத்துப் பரீட்சை தேறியிருக்கவேண்டும். சங்கிலியை எந்தக் கோணத்தில் கட்டினால் எவ்வளவு இழுவிசை வரும் என்று கணக்குப் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இனிமேல் எதையும் தூக்கலாம். கொக்கி தேறினால் கொக்கி மேற்பார்வையாளர். தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவன் வருவான், கொக்கி அவனுக்குக் கீழே. முதல் தடவை எழுதிப் பார்த்தார், தோற்றுப் போனார். இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"நம்ம தம்பிகிட்டயே போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"யாரு, அவன்கிட்டயா? அதுக்குப் பேசாம நான் அந்தக் கொக்கியிலயே தொங்கிடுறேன்."

"தொங்குங்க, யாரு வேணாங்கறா. பாஸ் பண்ணிட்டுத் தொங்குங்க."

மறுநாள் விடிந்தும் விடியாமல் கொக்கி அந்த ஷட்டருக்குக் கீழே குனிந்தார். குனியும்போது தலையில் இடித்துக்கொண்டார். உயரமான ஆள் வேறு.

"வாங்கண்ணே, வாங்க வாங்க" என்று சகலை பதறிப்போய் பெஞ்சைத் துடைத்தார். துடைத்த கையிலிருந்த சாக்பீஸ் தூள் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஏறியது. "போன்ல சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"பரவால்ல வாத்தியாரே. நோயாளிதான டாக்டரத் தேடி வரணும்."

குத்தலாகத்தான் சொன்னார். சகலைக்கு அது குத்தவில்லை. அவர் ஏற்கனவே பலகையில் ஒரு முக்கோணத்தைப் போட்டுவிட்டு, கடைசி வரை நடந்து போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார்.

சகலையிடம் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். அது கொக்கிக்கும் நடந்தது. "அண்ணே, இந்தக் கணக்குக்கு மொதல்ல ஒரு தப்பான விடை சொல்லுங்க."

"எதுக்கு?"

"எது தப்புன்னு தெரிஞ்சாத்தான எது சரின்னு தெரியும்? வேணும்னே தப்பாச் சொல்லுங்க. அது ஏன் தப்புன்னும் சொல்லுங்க."

"தப்பாச் சொல்றதுக்கு எதுக்கய்யா இங்க வரணும்? அது எனக்கு வீட்டுலயே நல்லா வருதே."

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். கொக்கிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, ஆனால் உள்ளுக்குள் எங்கோ பிடித்துத் தொலைத்தது. மாமனார் வீட்டில் அவர் சொன்ன எதற்கும் யாரும் இப்படிச் சிரித்ததில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சகலை நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற நீளமான பக்கம் கர்ணம். கோணத்துக்கு எதிரே நிற்பது எதிர்ப்பக்கம், கோணத்தை ஒட்டி நிற்பது அடுத்துள்ள பக்கம். எதிரே நிற்பவனைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், ஒட்டி நிற்பவனை வகுத்தால் காஸ். பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு கேட்டு மண்டையில் ஏறாத சமாச்சாரம், இந்த ஷெட்டில் வெந்நீர் மாதிரி தொண்டையில் இறங்கியது. அதுதான் எரிச்சல். இவன் மோசமான வாத்தியாராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று கொக்கி வேலைக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவார். இரண்டு அதட்டல், நான்கு திட்டு இருந்தால்கூட வீட்டில் வந்து குறை சொல்லலாம். அதற்கும் வழியில்லை.

மனைவி அதற்குள் ஒரு பிளாஸ்க் வாங்கிவிட்டாள். "தம்பி ஆறின டீயே குடிக்கிறாராம். இதைக் கொண்டு போய்க் குடுங்க."

"நான் இத்தனை வருஷமா வேலைக்குப் போறேன். எனக்கு ஒரு நாளாவது பிளாஸ்க்குல டீ குடுத்திருக்கியா?"

"நீங்கதான் கடையில நின்னு குடிச்சாத்தான் டீ மாதிரி இருக்குன்னு சொல்லுவீங்க."

சொன்னது உண்மைதான். அதற்காக வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா?

சிக்கல் பிறகுதான் தொடங்கியது. சகலை பலகையில் படம் போட்டுக் கேட்டால் கொக்கி டக்கென்று சரியாகச் சொல்வார். வீட்டுக்குக் கணக்கு கொடுத்தனுப்பினால் எல்லாம் தப்பாக வரும். தொட்டியின் எடை இவ்வளவு, இரண்டு சங்கிலியும் முப்பது டிகிரியில் கட்டப்பட்டிருக்கின்றன, ஒரு சங்கிலியில் இழுவிசை எவ்வளவு? தப்பு. அறுபது டிகிரி? தப்பு. நாற்பத்தைந்து டிகிரி? சரி! நாற்பத்தைந்து வந்தால் மட்டும் எப்போதும் சரி.

"படம் வரைஞ்சு போடுங்கண்ணே."

"படம் எதுக்கு வாத்தியாரே? நான் பாக்காத சங்கிலியா? கண்ண மூடினாலே தெரியுது."

சகலை இடது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு யோசித்தார். யோசிக்கும்போது காதை இழுப்பது அவர் பழக்கம். அதனாலோ என்னவோ அந்தக் காது மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரியும். இதற்கு முன்னால் அவருடைய ஷெட்டுக்கு வந்தவர்கள் தப்பாகப் போட்டால் பலவிதமாகப் போடுவார்கள். கொக்கியோ ஒழுங்காக, ஒரே மாதிரியாக, நேர்த்தியாகத் தப்புப் போட்டார். சகலையால் அதைத் தாங்க முடியவில்லை. சாப்பிடும்போதும் யோசித்தார். பாத்ரூமுக்குள்ளிருந்து "நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு" என்று குரல் கேட்டதாகக் கொழுந்தியா அக்காளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

விஷயம் மாமனார் வீடு வரை போய்விட்டது. அடுத்த தடவை கொக்கி அங்கே போனபோது மாமியார் கேட்டார். "ஏன் மாப்பிள்ள, அப்படி என்னதான் கணக்குப் போடுறீங்க? சின்ன மாப்பிள்ள சரியாச் சாப்பிடறதே இல்லையாமே. ஆளே இளைச்சுட்டாரு, பாவம்."

பரீட்சையில் தோற்கப் போவது கொக்கி. வேறொருவனுக்குக் கீழே கைகட்டி நிற்கப் போவதும் கொக்கி. பாவம் மட்டும் சகலைக்குப் போய்விட்டது. கொக்கி போய், யாரும் கேட்காமலே பீரோவை நகர்த்தினார். நகர்த்தியதில் ஒரு கால் உடைந்தது.

பரீட்சை நெருங்கியது. ஒரு விடியற்காலையில் சகலை சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார். "அண்ணே, நான் உங்க பட்டறைய ஒரு தடவ பாக்கணும்."

"அங்க என்ன இருக்கு? இரும்பு."

"நீங்க கண்ண மூடினா என்ன தெரியுதுன்னு நான் கண்ணத் திறந்து பாக்கணும்."

கொக்கி மேனேஜரிடம் கேட்டு, வாரவிடுமுறை நாளில் அழைத்துக்கொண்டு போனார். பட்டறை காலியாக, எதிரொலியோடு கிடந்தது. சகலைக்குக் கொடுத்த தலைக்கவசம் பெரிது. மூக்கு வரைக்கும் இறங்கியது, அண்ணாந்துதான் பார்க்கவேண்டியிருந்தது. கொக்கி ஒரு தொட்டியில் இரண்டு சங்கிலிகளைப் பூட்டி, கிரேன் கொக்கியில் மாட்டி, சங்கிலி விறைக்கிற அளவுக்கு மட்டும் மேலே இழுத்து நிறுத்தினார். தொட்டி தரையை விட்டு எழவில்லை. "இதான் வாத்தியாரே. பாத்தாச்சா?"

சகலை தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, தொட்டியின் விளிம்பில் சங்கிலி பூட்டிய இடத்தில் கோணமானியை வைத்துப் பார்த்தார். "நீங்க எங்க நின்னு பாப்பீங்க?"

"பாரம் எழும்போது நான் மேலதான் பாப்பேன். கீழ பாத்தா வேலைக்காகாது. எல்லாம் கொக்கியிலதான் இருக்கு."

"அப்ப நானும் அந்தக் கொக்கி உயரத்துலருந்து பாக்கணும்." சுவரோரம் பாலத்துக்கு ஏறுகிற இரும்பு ஏணி நின்றது. பாதியில் மூச்சு வாங்க ஒரு சின்ன மேடை. சகலை அதைக் காட்டினார்.

"கழுத்து வலிக்குமே" என்றார் கொக்கி.

சகலை ஏணியைப் பிடித்தார். கொக்கி பாதுகாப்பு பெல்ட்டை அவர் இடுப்பில் மாட்டிவிட்டுப் பின்னாலேயே ஏறினார். ஏறுகிறவரைக்கும் சகலை சுவரையே பார்த்துக்கொண்டு ஏறினார். மேடைக்கு வந்து, கம்பியைப் பிடித்து, திரும்பி, கீழே பார்த்தார்.

"அண்ணே!" என்று ஒரு கத்தல். பட்டறை முழுக்க எதிரொலித்தது. "கண்டுபிடிச்சுட்டேன்! நீங்க கொக்கியிலருந்து கோணத்தப் பாக்குறீங்க! புத்தகம் தொட்டியிலருந்து பாக்குது!"

அதே மூச்சில் தான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே மேடையில் உட்கார்ந்து, கம்பியை மார்போடு கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி அழ ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை கிடையாது. குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

ஆனால் பாடம் நிற்கவில்லை. "புத்தகத்துல முப்பதுன்னா... அய்யோ... தரையிலருந்து முப்பதுண்ணே... நீங்க நேராத் தொங்குற தூக்குநூல்லருந்து முப்பதுன்னு... அம்மா... உங்க முப்பது அதுக்கு அறுபது... நாப்பத்தஞ்சுல மட்டும் ரெண்டும் ஒண்ணு... அண்ணே, நான் செத்துருவேன்... அதான் சைன் வர்ற எடத்துல காஸ் போடுறீங்க... இப்படி எழுதிக் குடுத்தீங்கன்னா சங்கிலி அறுந்துரும்ண்ணே..."

கொக்கிக்கு ஒரே நேரத்தில் இரண்டும் புரிந்தன. இத்தனை நாள் கணக்கு ஏன் தலைகீழாக வந்தது என்பது புரிந்தது. ஸ்டூலில் ஏறச் சொன்னால் கழுத்து ஏன் வலித்தது என்பதும் புரிந்தது. சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இறக்குவதற்குத்தான் பெரும்பாடு. கொக்கி கீழ்ப்படியில் நின்று, சகலையின் கணுக்காலைக் கையால் பிடித்து, ஒவ்வொரு படியாக வைத்து வைத்து இறக்கினார். "கால எடு. அந்தக் கால இல்ல, இந்தக் கால. என் தோள்ல சாஞ்சுக்க. அவசரமில்ல, ஏணி எங்கயும் ஓடிடாது." அத்தனை வருஷத்தில் சகலையை நீ என்று கூப்பிட்டது அன்றுதான். இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தரைக்கு வந்ததும் சகலை மூக்கைச் சிந்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொட்டிமேல் சாக்பீஸால் படம் போட ஆரம்பித்துவிட்டார். கொக்கி காத்திருந்தார். எதற்குக் காத்திருந்தார் என்றால், "அண்ணே, வீட்டுல சொல்லிடாதீங்க" என்ற ஒரு வார்த்தைக்கு. கேட்டிருந்தால் பெரிய மனசு பண்ணி, "ச்சே, என்னப்பா, நான் போய் சொல்லுவேனா?" என்று தோளைத் தட்டியிருக்கலாம். அந்தப் பெருந்தன்மையை அனுபவிக்க வாழ்நாளில் ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. சகலை கேட்கவே இல்லை. பஸ் நிறுத்தம் வரை சைன், காஸ் என்று பேசிக்கொண்டே வந்து, கையாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

கேட்காதபோது காப்பாற்றவேண்டிய வாக்கும் இல்லை. கொக்கி அந்தக் கதையை உள்ளுக்குள்ளேயே வைத்துத் தீட்ட ஆரம்பித்தார். குளிக்கும்போது தீட்டினார், சங்கிலிக்கு எண்ணெய் போடும்போது தீட்டினார். அழுகைச் சத்தத்தை எந்த ராகத்தில் சொல்வது, "அம்மா" என்று கத்தியதை எங்கே வைப்பது என்றெல்லாம் ஒத்திகை பார்த்தார். எங்கே, யார் முன்னால் சொல்லவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. மாமனார் வீட்டுக் கூடம்தான். எல்லோரும் இருக்கவேண்டும். சின்ன மாப்பிள்ளையும் இருக்கவேண்டும்.

பரீட்சையில் இந்தத் தடவை ஒவ்வொரு கணக்குக்கும் படம் போட்டார். கோணத்தைத் தொட்டிப் பக்கத்தில் குறித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. தேறிவிட்டார். மேனேஜர் கை கொடுத்தார். பட்டறையில் தோளில் தூக்காத குறை.

அடுத்த விடுமுறைக்கு மாமியார் எல்லோரையும் சாப்பிட அழைத்தார். கொக்கி இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். வாசலிலேயே மாமனார் எழுந்து வந்தார். கொக்கி நெஞ்சை நிமிர்த்தினார். மாமனார் அவரைத் தாண்டிப் போய், பின்னால் வந்த சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ள, பெரிய காரியம் பண்ணிட்டீங்க. எட்டாவது படிச்ச மனுஷனை இந்த வயசுல பாஸ் பண்ண வச்சிட்டீங்களே!"

"அய்யய்ய, நான் என்ன பண்ணினேன்? அண்ணன் தானாப் படிச்சாரு. நான் சும்மா நின்னுட்டிருந்தேன்."

"பாத்தீங்களா!" என்றார் மாமியார். "எவ்வளவு அடக்கம் பாருங்க. வேற யாராவதா இருந்தா எத்தனை அலட்டல் அலட்டியிருப்பாங்க!"

"சித்தப்பா அப்படித்தான் பாட்டி" என்றாள் மகள்.

கொக்கியின் மனைவியும் சகலையைப் பார்த்து, "உங்களாலதான் தம்பி" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. தான் தேறிய செய்தியைச் சொன்னபோது அந்தக் கண் கலங்கியதா என்று கொக்கி நினைத்துப் பார்த்தார். அன்றைக்கு அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

போதும் என்று தோன்றியது. பரீட்சை எழுதியது இவர். விழித்துப் படித்தது இவர். தோற்றிருந்தால் தலைகுனிந்திருக்கவேண்டியதும் இவர். அந்த வெற்றியையும் தட்டில் வைத்துச் சகலைக்கே கொடுத்தாயிற்று. சகலை வேண்டாம் என்று தள்ளினால் அதற்கும் அவனுக்கே பாராட்டு. கொக்கி தொண்டையைச் செருமினார். அந்த வீட்டில் அவர் தொண்டையைச் செருமுவது புதிது என்பதால் எல்லோரும் திரும்பினார்கள்.

"பாஸ் பண்ண வச்சது இருக்கட்டும். ஒரு நாள் இவரு எங்க பட்டறைக்கு வந்தாரு. அந்தக் கதை உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

மனைவிக்கு அந்தக் குரல் தெரியும். "என்னங்க..." என்று தாழ்ந்த குரலில் இழுத்தாள். கொக்கி அவள் பக்கம் திரும்பவில்லை. சகலையின் முகத்தைப் பார்த்தார். வெளிறும் என்று எதிர்பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்த முகம் வெளிறுவதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

சகலையின் முகம் பிரகாசமானது.

"அய்யோ, ஆமா! நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று எழுந்தேவிட்டார். பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு வந்து சொன்னேன்ல, கிரேன் ஏணியில ஏறினேன்னு? நீ நம்பவே இல்லல்ல?"

"ஸ்டூல்ல ஏற மாட்டீங்க, கிரேன்ல ஏறினீங்களாக்கும்" என்றாள் கொழுந்தியா. "எங்க மாமா ஏறினாருன்னா நம்பலாம். கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்றேன், மாமாவைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு."

"கேட்டீங்களாண்ணே? இவ தெனம் இதையேதான் சொல்லுவா. எழுந்தா மாமா, உக்காந்தா மாமா. என் வயித்தெரிச்சல் உங்களுக்கெங்க தெரியும்!"

கொக்கி தீட்டித் தீட்டி வைத்திருந்தது நாக்கின் நுனியிலேயே நின்றது. சகலை கூடத்தைக் கடந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இப்போதே சிரிப்பை அடக்க முடியாமல் அவருடைய முழங்காலைத் தட்டினார்.

"சொல்லுங்கண்ணே. நான் சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. மேடையில உக்காந்து ஓன்னு அழுதேன்ல, அங்கருந்து ஆரம்பிங்க."